எழுத்தாளரோடு ஊர் வரலாறு பேசுவது எப்படி? இராமநாதபுரம் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, "எழுத்து உங்களுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டு, ஆளுக்கொரு செல்ஃபி எடுத்து அனுப்பிவைக்க வழிகாட்டி எதுவும் வேண்டாம். அதை எல்லா ஊரிலும் நன்றாகவே செய்கிறார்கள். இது வேறு வேலைக்கு. பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் இந்தக் கரையிலோ, கொஞ்சம் உள்ளே தள்ளி பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கத்திலோ, வரலாறும் இலக்கியமும் சாதி, இன நியாயமும் சேர்ந்த ஒரு உரையாடலை நடத்த நினைக்கும் வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், நூலக நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தான் அடிபட்ட ஆண்டு மனப்பாடம். தான் அடித்த ஆண்டு மட்டும் எப்படியோ நினைவுக்கு வராது. இரண்டு ஆண்டுகளையும் ஒரே மேசையில் வைத்து எழுத்தாளரைப் பேசவிட்டால்தான் அது உரையாடல். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதல் படி: ஒரு நிகழ்வைப் பிடியுங்கள்

"இராமநாதபுரமும் தமிழ் இலக்கியமும்" என்று நோட்டீஸ் அடித்தால் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் தொடங்கி அவர்களிலேயே முடியும். ஒரு ஆண்டு, ஒரு இடம், ஒரு வழக்கு, ஒரு புயல் என்று சின்னதாகப் பிடியுங்கள். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நான் பிடிக்கச் சொல்லும் சில:

கமுதி வழக்கு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அன்று உள்ளே போக அனுமதி இல்லாத நாடார்கள் நுழைந்தார்கள். சேதுபதி தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. நடுவில் 1899இல் நாடார்களைத் தாக்கிய சிவகாசிக் கலவரம். இதில் ஒரு முடிச்சு உண்டு. வழக்குத் தொடங்கியபோது ஜமீனில் இருந்தவர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவியவரும், 1897 ஜனவரியில் அவர் பாம்பனில் வந்து இறங்கியபோது எதிர்கொண்டு அழைத்தவரும் அவர்தான். விவேகானந்தர் இறங்கிய குந்துகாலில் நினைவு மண்டபம் இருக்கிறது. கமுதியில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை. வரலாற்று நாவல் எழுதும் யாரிடமும் இந்த ஒரு ஆண்டை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் பேசலாம்.

குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே வந்த சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1929இல் கமுதி, முதுகுளத்தூர் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மேல் பாய்ந்தது. பிறந்ததாலேயே குற்றவாளி என்று ஒரு சாதியைப் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. சென்னை மாகாணத்தில் அதை நீக்க 1947 ஆனது.

1957. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறேன்.

மண்டபம் முகாம். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். இலங்கை அரசு நம் மண்ணிலேயே நடத்திய தடுப்பு முகாமில் அவர்களை நாள் கணக்கில் நிறுத்தி, அம்மை ஊசி போட்டு, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பேரப் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. 1983க்குப் பிறகு அதே மண்டபம் இலங்கையிலிருந்து படகில் வந்த அகதிகளுக்கு முகாமானது. இன நீதி பற்றிப் பேச அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஒரு இடம் போதும்.

கீழக்கரை. சீதக்காதி, உமறுப்புலவர் என்று எல்லோரும் சொல்வதோடு நிறுத்தாமல், அரபு எழுத்தில் எழுதிய தமிழான அரபுத்தமிழ் பக்கம் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இங்கே இருந்து எழுதினார். ஆசியா உம்மா என்ற பெண் கவிஞரும் இந்த ஊர்தான். இவர்களைத் தமிழ் இலக்கிய வரலாறு எந்த அத்தியாயத்தில் வைக்கிறது என்று ஒரு பேராசிரியரைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசிப்பார்.

இதில் ஒன்றை எடுங்கள். ஒன்றே ஒன்று.

இரண்டாம் படி: யாரைக் கூப்பிடுவது

பெரிய பெயர் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் பெரிய பெயர்கள் எல்லா மேடையிலும் சொன்ன பதிலையே இங்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். அழகன்குளத்தில் கிடைத்த கப்பல் கீறிய பானை ஓட்டையும் ரோமானிய நாணயத்தையும் பற்றி விவரமாக எழுதிய உள்ளூர் ஆசிரியர் ஒருவர் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கலாம். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் கதையை எழுதியவர் பாம்பனிலேயே இருக்கலாம். முதலில் அப்படி ஒருவர், அவரோடு வெளியூர்க்காரர் ஒருவர் என்று இருவராக உட்காரவைப்பது என் வழக்கம். உள்ளூர்க்காரருக்கு விவரம் தெரியும். சொந்தத் தெருவில் சொல்ல முடியாததை வெளியூர்க்காரர் சொல்லிவிடுவார்.

இருவரும் ஒரே சாதியாக இருந்தால் யோசியுங்கள். "நாங்கள் சாதி பார்க்காமல்தான் கூப்பிட்டோம்" என்பார்கள் அமைப்பாளர்கள். பார்க்காமல் கூப்பிட்டால் எப்போதும் யார் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்காக ஒரு தலித் எழுத்தாளரைக் கூப்பிட்டு அவரிடம் கொடுமைகளைப் பற்றி மட்டும் கேட்டு, நடை, வடிவம், வாசிப்பு பற்றிய கேள்விகளை மற்றவருக்கு ஒதுக்கிவைப்பதும் அநியாயம். நிறைய மேடைகளில் நடக்கிறது இது. கேள்விகளை எழுதிய பிறகு யாருக்கு எது போகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அழைப்பை அலைபேசியில் சொல்லிவிட்டு, எழுத்திலும் அனுப்புங்கள். சுருக்கமாக இப்படி:

"வணக்கம் ஐயா. கமுதி கோயில் நுழைவு வழக்கைப் பற்றி மட்டும் ஒன்றரை மணி நேர உரையாடல் வைக்கிறோம். உங்கள் நாவலின் மூன்றாம் பகுதியை எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். வருவது சுமார் 40 பேர். போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் தருகிறோம், தொகை இது. ஒலிப்பதிவு செய்வோம், வெளியிடும் முன் உங்களிடம் காட்டுவோம்."

தொகையை எழுதச் சொல்வது சும்மா இல்லை. "பார்த்துச் செய்கிறோம்" என்று சொல்லி எழுத்தாளரை வெறுங்கையோடு ரயில் ஏற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெண் எழுத்தாளர் என்றால் தங்குமிடம், துணைக்கு வருபவருக்கான செலவு இரண்டையும் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: நாளும் இடமும்

வெளியூர்க்காரர்கள் திணறுவது இங்கேதான். செப்டம்பர் 11 பரமக்குடியில், தலித் (பள்ளர்) சமூகத் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில், மறவர் சமூகத் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இந்த இரண்டு மாதமும் பெரும்பாலான ஆண்டுகளில் மாவட்டம் முழுக்கத் தடையுத்தரவு இருக்கும். வெளி வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள், கூட்டத்துக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். "நினைவு நாளை ஒட்டி வைத்தால் பொருத்தமாக இருக்குமே" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த நாள்கள் அஞ்சலிக்கு. பொறுமையாகப் பேச ஜனவரி, பிப்ரவரி நல்லது.

கடற்கரை ஊரில் வைப்பதானால் இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, பேச நேரம் இருக்கும். கடல் பற்றிய உரையாடல் என்றால் அந்த மாதங்களில் மாலையில் வையுங்கள், வெயில் இறங்கிய பிறகு. கச்சான் காற்று வீசும் நாளில் திறந்தவெளியில் மைக் வைத்தால் பதிவில் காற்று மட்டும்தான் மிஞ்சும். அதனால் ஓடு வேய்ந்த பள்ளிக்கூட அறை ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் வர வேண்டுமானால் அவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரே விதிதான். உறவின்முறை மகாலில், அதாவது ஒரு சாதிச் சங்கத்தின் மண்டபத்தில், வைக்காதீர்கள். வாடகை குறைவாக இருக்கும், ஏசி இருக்கும், சாப்பாட்டுக் கூடமும் இருக்கும். ஆனால் வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். கோயில் மண்டபம், பள்ளிவாசல் கூடம், பங்குக் கோயில் வளாகம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிளை நூலகம், அரசுப் பள்ளி, தொழிற்சங்க அலுவலகம் இவற்றில் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. மண்டபம் முகாமில் இருப்பவர்களைக் கூப்பிடுவதானால் அவர்கள் வெளியே வந்து போவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை மனதில் வைத்து, பகலிலேயே முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: படிப்பு

இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். எழுத்தாளரின் புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது. அந்த நிகழ்வு பற்றி அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஏதாவது ஒன்றையும் படித்திருக்க வேண்டும். சமஸ்தான காலத்துக்கு ராஜாராம் ராவ் 1889இல் தொகுத்த இராமநாதபுரம் சமஸ்தான கையேடு இருக்கிறது. சேதுபதிகளின் செப்பேடுகள் தமிழில் அச்சாகியிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கும். சென்னைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா, ரோஜா முத்தையா நூலகம் இவற்றுக்கு ஒரு நாள் அனுப்புங்கள். கமுதி வழக்கின் தீர்ப்பை வழக்கறிஞர் நண்பர் ஒருவர் எடுத்துத் தந்துவிடுவார்.

இன்னொரு வகைப் படிப்பு, பார்ப்பது. உரையாடலன்று காலையில் எழுத்தாளரை இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போங்கள். விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. சேதுபதி ஐரோப்பியர்களை வரவேற்கிறார், தஞ்சை மராட்டியரோடு சண்டை நடக்கிறது, இன்னொரு பக்கம் இராமாயணம். தொப்பி வைத்த வெள்ளைக்காரனுக்குக்கூட இடம் கிடைத்த அந்தச் சுவரில் சங்கு குளித்தவர் எங்கே, உப்பு அள்ளியவர் எங்கே என்று தேடிக்கொண்டே நடங்கள். மாலை மேடையில் எழுத்தாளர் தானாகவே அதை எடுப்பார். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் இராமநாதபுரத்தில் இறங்கிவிடலாம் என்பதால் இது நடக்கக்கூடியதுதான்.

ஐந்தாம் படி: கேள்விகளை எழுதுவது

நெறியாளராக உட்காருகிறவர் பன்னிரண்டு கேள்விகள் எழுதட்டும். அவற்றில் ஏழு போதும். தேதி, இடம், பெயர் மூன்றில் ஒன்றாவது இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள்.

"சாதியைப் பற்றி உங்கள் பார்வை என்ன?" என்று கேட்டால் வருவது சொற்பொழிவு. "1897இல் கோயிலுக்குள் போனவர்களை உங்கள் நாவல் பக்தர்களாகக் காட்டுகிறதா, உரிமை கேட்டவர்களாகக் காட்டுகிறதா? ஏன் அப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டால் எழுத்தாளர் நிமிர்ந்து உட்காருவார்.

"இலக்கியம் சமூகத்தை மாற்றுமா?" என்பதை எந்தக் காலத்திலும் கேட்காதீர்கள்.

"மண்டபம் முகாமில் ஊசி போட வரிசையில் நிற்கும் பெண்ணை எழுதியிருக்கிறீர்கள். அவள் எந்த ஊர்? எந்தப் பஞ்சத்தில் கிளம்பினாள்? அவளை ஊரிலிருந்து கூட்டிவந்த கங்காணி, அதாவது ஆள் சேர்த்த மேஸ்திரி, அவள் சாதியா, வேறு சாதியா?" இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். தோட்டத்தில் நடந்த கொடுமைக்கு வெள்ளைக்காரத் துரையைக் கைகாட்டுவது எளிது. ஊரிலிருந்த ஏற்றத்தாழ்வு அப்படியே கப்பலேறி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் வரைக்கும் போனதைச் சொல்ல எழுத்தாளருக்கு ஒரு தள்ளு வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பர் போராட்டத்தோடு ஒப்பிடும் கேள்வி கட்டாயம் வரும், வரட்டும். அதற்கு அடிப்படையும் இருக்கிறது. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தொடங்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கப் பெயரைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் அலபாமாவைப் பற்றி அரை மணி நேரம் கண்கலங்கப் பேசுவார்கள், முதுகுளத்தூர் என்றதும் தண்ணீர் குடிப்பார்கள். ஒப்பீடு வந்தால் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு, "சரி, இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள்" என்று இழுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: 1957ஐக் கையாளுவது

நீங்கள் எந்தப் பொருளை எடுத்தாலும் பார்வையாளர்களில் ஒருவர் இதைக் கேட்பார். ஆகவே விவரம் கையில் இருக்கட்டும்.

அந்த ஆண்டு முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டிலும் வென்று, முதுகுளத்தூர் சட்டமன்ற இடத்தை விட்டார். ஜூலையில் இடைத்தேர்தல். அதையொட்டி மறவர், பள்ளர் கிராமங்களுக்கிடையே கலவரம் மூண்டது. செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவரும் இருந்தார், இம்மானுவேல் சேகரனும் இருந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயது நிறையவில்லை. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. கைதாகிக் கொலை வழக்கை எதிர்கொண்ட தேவர் 1959 ஜனவரியில் விடுதலையானார். 2011 செப்டம்பர் 11, நினைவு நாளன்று பரமக்குடியில் மறுபடி போலீஸ் துப்பாக்கிச் சூடு. இம்முறை செத்தவர்கள் தலித்துகள்.

இந்த வரிசையை மேடையில் ஒருவர் உணர்ச்சி இல்லாமல், தேதி தேதியாக வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் எழுத்தாளர் பேச்சு. வாசிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒருவர் எழுந்து, "எங்க ஆளுக அஞ்சு பேரைக் கையைக் கட்டிச் சுட்டாங்களே, அதை ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்பார். இன்னொருவர், "அதுக்கு மூணு நாள் முன்னாடி என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்கண்ணே" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இரண்டு பேரும் ஒரு தேதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்கூட்டியே இரண்டையும் நீங்கள் வாசித்துவிட்டால் அந்தச் சண்டைக்குத் தீனி பாதி குறையும்.

எழுத்தாளரிடம் அப்போது கேட்க வேண்டிய கேள்வி: "1929இல் குற்றப் பரம்பரை என்று அவமானப்படுத்தப்பட்ட ஒரு சமூகம், 1957 சமாதானக் கூட்டத்தில் இன்னொரு சமூகத்தின் இளைஞர் நாற்காலியில் சமமாக உட்கார்ந்ததை எப்படிப் பார்த்தது? உங்கள் பாத்திரங்களில் யாராவது இந்த இரண்டு ஆண்டுகளையும் கண்டவர் உண்டா?" நாவலாசிரியரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. இல்லை என்று அவர் சொன்னால், ஏன் இல்லை என்பதே அடுத்த அரை மணி நேரத்துக்குப் போதும். கமுதி வழக்குக்கும் இதே முறைதான். 1908இல் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எழுத்தாளரிடம், பிறகு அவர்கள் கடைவீதியிலும் பள்ளியிலும் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். கோபப்பட மாட்டார். நல்ல எழுத்தாளர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பார்.

ஏழாம் படி: மேடையில்

எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. சிம்மாசனம் மாதிரி சோபாவைத் தூக்கிவராதீர்கள். பொன்னாடை கட்டாயம் வேண்டும் என்று கமிட்டியில் அடம்பிடித்தால், கடைசியில், ஒரே நிமிடத்தில், கூட்டத்தில் இருக்கும் மாணவி ஒருவர் கையால். முக்கியஸ்தர்கள் வரிசையாக வந்து போர்த்தத் தொடங்கினால் உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் இருபது நிமிடம் காலி.

விளிப்பதில் சங்கடம் வேண்டாம். எழுத்தாளருக்கு எது இயல்போ அதுவே. ஒருவரை ஐயா என்றால் மற்றவரையும் ஐயா என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தவரை ஐயா என்றும் தலித் எழுத்தாளரை வெறும் பெயரிலும் கூப்பிடும் நெறியாளர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கே அது தெரிவதில்லை. கீழக்கரையில் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்று கூட்டத்திலிருந்து கூப்பிடுவார்கள், அது அழகாகவே இருக்கும், விட்டுவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கையில் கொடுக்காமல் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று கேள்வி பெண்களிடமிருந்து என்று அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து தன் சுயசரிதையைத் தொடங்கிவிடுவார். (மரியாதைக்குரியவர்தான், அவருக்குத் தனியாக ஒரு கூட்டம் போடலாம்.)

நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு எதைப் பற்றியும் பேசவேண்டாம். வன்கொடுமைக்கு ஆளானவர்களின் பெயரை, ஊரை, படத்தை மேடையில் சொல்ல அவர்கள் சம்மதம் வேண்டும். செய்தித்தாளில் வந்துவிட்டது என்பது சம்மதம் ஆகாது.

எட்டாம் படி: முடிந்த பிறகு

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். இரண்டு மாணவர்களிடம் பிரித்துக் கொடுங்கள், அதற்கும் கூலி கொடுங்கள். வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். சாதி சொல்லி யாராவது கூட்டத்தில் திட்டியிருந்தால் அதை வெளியீட்டிலிருந்து வெட்டிவிட்டு, மூலப் பதிவை மட்டும் பத்திரமாக வையுங்கள். எழுத்தாளரிடம் அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அவர் சொன்ன தேதி தவறாக இருந்தால் அவரிடம் சொல்லி அடிக்குறிப்பில் சரி செய்யுங்கள், நீங்களாகவே வரியை மாற்றாதீர்கள்.

அப்புறம் அச்சிட்ட பிரதி ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று கிளை நூலகத்துக்கு, ஒன்று உரையாடலில் பெயர் வந்த ஊரின் பள்ளிக்கு. கீழத்தூவலைப் பற்றிப் பேசியிருந்தால் அங்கே ஒன்று, இம்மானுவேல் சேகரன் பிறந்த செல்லூரில் ஒன்று. இரண்டு பிரதியையும் ஒரே நாளில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் யாருக்கு முதலில் போனது என்று அதற்கும் ஒரு பஞ்சாயத்து வரும்.